பனிக்குள் அடைபட்ட பழங்காற்று: வாசகர் கேள்வி–பதில்

துருவப் பனி, பருவநிலை மாற்றம் பற்றி வாசகர்கள் அனுப்பிய கேள்விகளில் சிலவற்றுக்கு இங்கே பதில் தருகிறோம். ஒரே விஷயத்தைப் பலர் கேட்டிருந்தால் ஒரு கேள்வியாகச் சேர்த்திருக்கிறோம்.

கே: எட்டு லட்சம் ஆண்டுகளுக்கு முன்பு காற்றில் கார்பன் டை ஆக்சைடு இவ்வளவு இருந்தது என்று வரைபடம் போட்டுக் காட்டுகிறார்கள். அப்போது அளந்தது யார்? இதெல்லாம் கணிப்புதானே?
– திருநெல்வேலி வாசகர்

ப: கணிப்பு இல்லை. அன்றைய காற்று இன்னமும் இருக்கிறது. அதை வெளியே எடுத்துத்தான் அளக்கிறார்கள்.

அண்டார்டிகாவின் உட்பகுதியில் கோடையிலும் பனி உருகாது. விழுந்த பனிமேல் பனி படிந்துகொண்டே போகும். மேலுள்ள எடை அழுத்த அழுத்த, கீழுள்ளது இறுகும். மேற்பரப்பிலிருந்து 50 முதல் 100 மீட்டர் ஆழம் வரை அது முழுப் பனிக்கட்டியாகியிருக்காது. துகள்களுக்கு நடுவே இடுக்குகள் இருக்கும், அவற்றின் வழியே வெளிக்காற்று போய்வரும். இந்தப் பகுதிக்கு ஃபிர்ன் என்று பெயர். அடர்த்தி கன மீட்டருக்குச் சுமார் 830 கிலோவைத் தொடும்போது இடுக்குகள் மூடிக்கொள்ளும். அப்போது உள்ளே இருந்த காற்று குமிழிகளாக அடைபட்டுவிடும்.

இதில் ஒன்றைக் கவனிக்க வேண்டும். குமிழி மூடும்போது அதைச் சுற்றியுள்ள பனி விழுந்து பல நூறு ஆண்டுகள், சில இடங்களில் பல ஆயிரம் ஆண்டுகள்கூட ஆகியிருக்கும். ஆகவே ஒரே துண்டில் பனிக்கு ஒரு வயது, காற்றுக்கு அதைவிடக் குறைந்த இன்னொரு வயது. இதை மறந்தால் எல்லாக் கணக்கும் தப்பாகிவிடும்.

எட்டு லட்சம் ஆண்டுப் பதிவு கிடைத்த இடம் கிழக்கு அண்டார்டிகாவில் உள்ள டோம் சி. கடல் மட்டத்திலிருந்து 3,233 மீட்டர் உயரம். ஆண்டு முழுவதும் அங்கே விழும் பனியை உருக்கினால் சுமார் 2.5 சென்டிமீட்டர் நீர்தான் தேறும். சென்னையில் ஒரு நல்ல மழை ஒரு மணி நேரத்தில் கொட்டிவிடும் அளவு அது. இத்தனை குறைவாக விழுவதால்தான் மூன்றேகால் கிலோமீட்டர் தடிமனுக்குள் அத்தனை ஆண்டுகள் அடங்கியிருக்கின்றன. எபிகா என்ற ஐரோப்பியக் கூட்டுத் திட்டம் இங்கே துளையிட்டது.

துளைக்கும் கருவி, எஃகுக் கம்பிவடத்தில் தொங்கும் நீண்ட குழாய். மோட்டார் அதற்குள்ளேயே இருக்கும். குழாயின் அடியில் வட்டமாக வெட்டுக்கத்திகள். அவை வளையமாக மட்டும் சீவிக்கொண்டு இறங்குவதால், நடுவில் 10 சென்டிமீட்டர் விட்டமுள்ள பனித்தண்டு குழாய்க்குள் ஏறிவரும். ஐஸ் கோர் என்பது இதைத்தான். இழுக்கும்போது உட்புறக் கொக்கிகள் தண்டைக் கவ்வி முறித்துக்கொள்ளும். ஒரு முறை இறக்கினால் அதிகபட்சம் மூன்று மீட்டர் அளவுக்குத் தண்டு வரும். மூன்று கிலோமீட்டர் ஆழத்தில், அந்த மூன்று மீட்டருக்காக வடத்தை இறக்கி ஏற்றவே ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும்.

கெட்டுப்போகும் இடங்கள் பல. முதலாவது, துளை தானே மூடிக்கொள்ளும். பனிக்கட்டி திடப்பொருள் என்றாலும் பெரும் அழுத்தத்தில் மெல்ல நகரும். அதனால் பனியின் அடர்த்திக்குச் சமமான, அந்தக் குளிரிலும் உறையாத திரவத்தால் துளையை நிரப்பி வைக்க வேண்டும். மண்ணெண்ணெய் வகைத் திரவம் மட்டும் போதாது, நீரின் அடர்த்தியை 1 என்று கொண்டால் அதன் அடர்த்தி 0.8 அளவில்தான் இருக்கும். கனமான இன்னொரு திரவம் கலந்து 0.92க்குக் கொண்டுவருவார்கள்.

இரண்டாவது, சீவல்கள். கத்தி சீவிய பனித்தூளைப் பம்பு சரியாக உறிஞ்சி அகற்றாவிட்டால் அது கருவியைச் சுற்றி இறுகி, கருவி சிக்கிக்கொள்ளும். டோம் சியில் 1990களின் கடைசியில் 788 மீட்டர் ஆழத்தில் கருவி இப்படி மாட்டிக்கொண்டது. மீட்க முடியவில்லை. பக்கத்திலேயே புதிதாகத் துளை தொடங்கினார்கள், 2004 டிசம்பரில் அது முடிந்தது. அடிப்பாறைக்குச் சில மீட்டர் மேலேயே நிறுத்திவிட்டார்கள். பாறைமேல் நீர் இருந்தால் துளைத்திரவம் அதில் கலந்து மாசாகிவிடக் கூடாது என்பதற்காக.

மூன்றாவது, அடியாழத்தின் வெப்பம். பூமிக்குள்ளிருந்து வரும் சூட்டால் அடிப்பனி உருகும் நிலைக்கு அருகில் இருக்கும். சீவல் உருகி, கத்திமேலேயே மறுபடி உறைந்து ஒட்டிக்கொள்ளும். அதற்குப் பிறகு கத்தி வெட்டாது, வழுக்கும்.

நான்காவது, நொறுங்கும் பகுதி. ஏறத்தாழ 600 முதல் 1,200 மீட்டர் ஆழத்தில் குமிழிகளுக்குள் காற்று மிகுந்த அழுத்தத்தில் இருக்கும். தண்டை மேலே கொண்டுவந்ததும் வெளி அழுத்தம் போய்விடுவதால் அது வெடித்துச் சில்லாகும். அதனால் அந்தப் பகுதித் தண்டுகளை உடனே அறுக்காமல், பல மாதங்கள், சில சமயம் ஓராண்டுகூடக் குளிர்க்கிடங்கில் ஆறப்போட்டுத்தான் தொடுவார்கள். இன்னும் ஆழத்தில் குமிழியே இருக்காது. அழுத்தத்தால் காற்று மூலக்கூறுகள் பனிப் படிகத்துக்குள்ளேயே புகுந்து உட்கார்ந்துவிடும். தண்டு கண்ணாடிபோல் தெளிவாக இருக்கும், காற்று உள்ளேதான் இருக்கிறது.

பிறகு ஆய்வகம். மீத்தேன் அளக்க வேண்டுமென்றால் துண்டை வெற்றிடத்தில் உருக்கிக் காற்றைப் பிரிக்கலாம். கார்பன் டை ஆக்சைடுக்கு அது உதவாது. பனியோடு விழுந்த தூசியில் கார்பனேட் இருக்கும், பனியில் சிறிது அமிலமும் இருக்கும். உருகிய நீரில் இரண்டும் சேர்ந்தால் புதிதாகக் கார்பன் டை ஆக்சைடு உண்டாகி அளவு ஏறிவிடும். ஆகவே உருக்காமல், உறைநிலைக்கு வெகு கீழே, வெற்றிடத்தில் உலர்வாக நொறுக்கி வாயுவை எடுக்கிறார்கள். கிரீன்லாந்துப் பனியில் தூசியும் கார்பனேட்டும் அதிகம். அதனால்தான் கார்பன் டை ஆக்சைடு வரைபடங்கள் எல்லாம் அண்டார்டிகாவிலிருந்து வருகின்றன.

இந்த முறை சரியான எண்ணைத் தருகிறதா என்று பார்க்க வழி உண்டு. கிழக்கு அண்டார்டிகக் கரையோரம் லா டோம் என்ற இடத்தில் பனி ஏராளமாக விழும். அங்கே குமிழிகள் வேகமாக மூடிவிடுவதால், 1970கள் வரையிலான காற்றுகூடப் பனிக்குள் அகப்பட்டிருக்கிறது. ஹவாயின் மவுனா லோவாவில் 1958 முதல் காற்றை நேரடியாக அளந்துவருகிறார்கள். இரண்டு பதிவும் ஒன்றின்மேல் ஒன்று பொருந்துகின்றன. எங்கள் பார்வையில் இந்தத் துறையின் மிக முக்கியமான வரைபடம் எட்டு லட்சம் ஆண்டு வரைபடம் அல்ல, சில பத்தாண்டுகள் மட்டும் நீளமுள்ள இந்தப் பொருத்தம்தான்.

பனியுகங்களில் சுமார் 180 பி.பி.எம். (காற்றின் பத்து லட்சம் மூலக்கூறுகளில் 180), இடைப்பட்ட வெப்பக் காலங்களில் 240 முதல் 300 வரை என்று எட்டு லட்சம் ஆண்டுகளும் கார்பன் டை ஆக்சைடு ஏறி இறங்கியிருக்கிறது. இன்று 420ஐத் தாண்டிவிட்டது. டோம் சிக்குச் சுமார் 35 கிலோமீட்டர் தள்ளி லிட்டில் டோம் சியில் துளையிட்ட அடுத்த ஐரோப்பியக் குழு, 2025 ஜனவரியில் 2,800 மீட்டரை எட்டி, 12 லட்சம் ஆண்டுப் பனியை எடுத்திருக்கிறது.

கே: பனித்தண்டின் வயதை எப்படி எண்ணுகிறார்கள்?
– கும்பகோணம் வாசகி

ப: பனி நிறைய விழும் இடங்களில், கிரீன்லாந்தில் குறிப்பாக, ஆண்டுக்கு ஒரு வரி என்று எண்ணலாம். கோடைப் பனிக்கும் குளிர்காலப் பனிக்கும் தூசி, உப்பு, அமிலம், ஆக்சிஜன் ஐசோடோப்பு (எடையில் வேறுபடும் ஆக்சிஜன் அணு வகைகள்) எல்லாம் மாறும். கண்ணால் மட்டும் எண்ணுவதில்லை. தண்டின் ஒரு பக்கத்தைச் சீராக இழைத்து, மின்முனைகளை அதன்மேல் இழுத்துச் சென்று மின்கடத்தலை அளப்பார்கள். அமிலம் கூடிய இடத்தில் அளவு எகிறும். எரிமலை வெடித்த ஆண்டு அங்கேதான் அகப்படும். 1815இல் இந்தோனேசியாவின் தம்போரா வெடித்த கந்தகம் இரு துருவங்களின் தண்டுகளிலும் இருக்கிறது. அதற்குச் சற்றுக் கீழே 1809ஐ ஒட்டி இன்னொரு கந்தக வரி. இந்தச் சோடி வரிகள் தெரிந்தால் இடம் பிடிபட்டுவிட்டது என்று பொருள்.

டோம் சி போன்ற இடங்களில் ஆண்டு வரி எண்ண முடியாது, காற்று அடித்தே வரியைக் கலைத்துவிடும். அங்கே பனி எப்படி நசுங்கி நகர்கிறது என்ற கணக்கோடு, நிலையான அடையாளங்களைச் சேர்த்துக் கட்டுகிறார்கள். சுமார் 41,000 ஆண்டுகளுக்கு முன் பூமியின் காந்தப்புலம் வெகுவாகத் தளர்ந்தது. அப்போது அண்டக்கதிர்கள் கூடுதலாக உள்ளே வந்து, அவை காற்றில் உண்டாக்கும் பெரிலியம்-10 என்ற அணு வகை அதிகமானது. அந்தத் துருத்தல் எல்லாத் தண்டிலும் ஒரே காலத்தில் வரவேண்டும். வராவிட்டால் வயதுக்கணக்கில் பிழை.

கே: பனித்தண்டுகளில் முதலில் வெப்பம் ஏறி, பிறகுதான் கார்பன் டை ஆக்சைடு ஏறியதாம். அப்படியானால் கார்பன் டை ஆக்சைடு எப்படிக் காரணமாகும்?
– கோவை வாசகர், இன்னும் சிலர்

ப: நியாயமான கேள்வி. முதலில், எது எங்கிருந்து படிக்கப்படுகிறது என்று பார்ப்போம். வெப்பநிலையைப் பனியிலிருந்து படிக்கிறார்கள். நீராவி துருவத்தை நோக்கிப் போகும் வழியில், ஆக்சிஜன்-18 உள்ள கனமான மூலக்கூறுகள் முதலில் மழையாகக் கழிந்துவிடும். குளிர் கூடக் கூட, கடைசியில் விழும் பனியில் அவை இன்னும் குறையும். டென்மார்க்கின் வில்லி டான்ஸ்கார்ட் 1950களில் கண்ட வழி இது. கார்பன் டை ஆக்சைடையோ குமிழிக் காற்றிலிருந்து படிக்கிறார்கள். பனிக்கும் காற்றுக்கும் வயது வேறு என்று மேலே சொன்னோம். டோம் சியில் பனியுகக் காலத்தில் அந்த வேறுபாடு சில ஆயிரம் ஆண்டுகள். அதைக் கணக்கிடுவதில் சில நூறு ஆண்டு பிசகினாலும் யார் முந்தி என்பது தலைகீழாகிவிடும்.

2003இல் வந்த ஆய்வு, சுமார் 2,40,000 ஆண்டுகளுக்கு முந்தைய ஒரு வெப்பமேற்றத்தில், வெப்பம் சுமார் 800 ஆண்டுகள் முந்தியது என்றது. 2013இல், குமிழிக் காற்றின் நைட்ரஜன் ஐசோடோப்பைக் கொண்டு ஃபிர்னின் தடிமனை அளந்து வயதுவேறுபாட்டைத் திருத்தினார்கள். கடைசிப் பனியுகம் முடிந்தபோது அண்டார்டிகாவில் இரண்டும் ஏறத்தாழ ஒன்றாகவே ஏறியதாகத் தெரிந்தது. அதற்கு முந்தைய ஆண்டு, உலகெங்கும் 80 இடங்களின் பதிவுகளைச் சேர்த்துப் பார்த்த ஆய்வில், உலகச் சராசரி வெப்பநிலை கார்பன் டை ஆக்சைடுக்குப் பின்னால்தான் ஏறியிருந்தது.

நடந்தது இதுதான். பூமியின் சுற்றுப்பாதையும் அச்சுச் சாய்வும் மாறியதால் பனியுகம் தளரத் தொடங்கியது. அண்டார்டிகாவைச் சூழ்ந்த தென்கடல் சூடாகி, ஆழத்தில் கிடந்த கார்பன் டை ஆக்சைடை வெளிவிட்டது. அது உலகம் முழுவதையும் மேலும் சூடாக்கியது. தூண்டியது ஒன்று, பெருக்கியது இன்னொன்று.

இன்று அந்த வரிசை இல்லை. கடல் கார்பனை வெளிவிடவில்லை, உறிஞ்சிக்கொண்டிருக்கிறது. அதனால்தான் கடல்நீரின் அமிலத்தன்மை கூடுகிறது. காற்றில் கார்பன்-13 என்ற சற்றுக் கனமான கார்பனின் பங்கு குறைகிறது, தாவரங்களிலிருந்து உண்டான நிலக்கரியிலும் எண்ணெயிலும் அது குறைவு என்பதால். எரிப்பதற்குச் செலவாகும் ஆக்சிஜனும் சிறிது சிறிதாகக் குறைவது அளவில் தெரிகிறது. கூடுதல் கார்பன் டை ஆக்சைடு எங்கிருந்து வருகிறது என்பதில் ஐயத்துக்கு இடமில்லை.

கே: மிதக்கும் பனி உருகினால் நீர்மட்டம் உயராது என்பது பள்ளிப்பாடம். பிறகு ஏன் இத்தனை கவலை? வகுப்பில் செய்துகாட்ட ஏதாவது சோதனை சொல்லுங்கள்.
– அறிவியல் ஆசிரியை, விருதுநகர் மாவட்டம்

ப: ஒரே உயரம், ஒரே விட்டமுள்ள, பக்கம் நேராக நிற்கும் மூன்று கண்ணாடிக் குவளைகள் எடுங்கள். உள்விட்டம் 7 சென்டிமீட்டர், உயரம் 13 சென்டிமீட்டராவது இருக்கட்டும். 100 மில்லி நீரை அளந்து ஊற்றி உறையவைத்த பனிக்கட்டி மூன்று வேண்டும்.

முதல் குவளையில் 300 மில்லி நல்ல தண்ணீர், பனிக்கட்டியை மிதக்கவிடுங்கள். இரண்டாவதிலும் 300 மில்லி நல்ல தண்ணீர், ஆனால் பனிக்கட்டி நீரில் படக்கூடாது. வாய்மேல் கம்பி வலை வைத்து அதன்மேல் வையுங்கள். மூன்றாவதில், 300 மில்லி வெந்நீரில் 100 கிராம் தூள் உப்பைக் கரைத்து, அறை வெப்பத்துக்கு ஆறவைத்துப் பிறகு பனிக்கட்டியை மிதக்கவிடுங்கள். உடனே மூன்றிலும் நீர்மட்டத்தை அழியாத பேனாவால் குறியுங்கள்.

உருகி முடிந்து, நீர் மறுபடி அறை வெப்பத்துக்கு வந்தபின் பாருங்கள். முதல் குவளையில் குறி அப்படியே இருக்கும். இரண்டாவதில் சுமார் இரண்டரை சென்டிமீட்டர் ஏறியிருக்கும். மூன்றாவதில் மாணவர்கள் எதிர்பார்க்காதது நடக்கும்: ஏறத்தாழ 4 மில்லிமீட்டர் ஏறும். காரணம், 100 கிராம் பனி அந்தக் கெட்டியான உப்புநீரில் 84 மில்லி இடத்தைத்தான் விலக்கும், உருகியதும் 100 மில்லி நன்னீர் ஆகும். உண்மைக் கடல்நீர் இவ்வளவு கெட்டியில்லை, அங்கே 100க்கு இரண்டரைதான் கூடும். ஆகவே மிதக்கும் பனி உருகினால் மட்டம் துளியும் மாறாது என்பது நன்னீருக்கு மட்டுமே முழுச் சரி.

பிசகும் இடங்கள்: கல்லுப்பு போட்டால் கலங்கும், குறி தெரியாது. சூடு ஆறாத உப்புநீரில் போட்டால், பிறகு குளிரும்போது நீர் சுருங்கி ஏற்றத்தை மறைக்கும். முதல் குவளையில் நீர் குறைவாக இருந்து பனிக்கட்டி அடியைத் தட்டி நின்றால், உருகும்போது மட்டம் ஏறும். மாணவர்கள் சோதனை தோற்றுவிட்டது என்பார்கள். தோற்கவில்லை, அதுதான் மேற்கு அண்டார்டிகா.

அங்கே பனியாறுகள் கடல்மட்டத்துக்குக் கீழே உள்ள தரையில் தட்டி நிற்கின்றன, மிதக்கவில்லை. அவற்றின் முன்னே மிதக்கும் பனித்தட்டுகள் முட்டுக்கொடுத்துப் பிடித்திருக்கின்றன. 2002இல் அண்டார்டிகத் தீபகற்பத்தின் லார்சன் பி என்ற பனித்தட்டில் சுமார் 3,250 சதுர கிலோமீட்டர் சில வாரங்களில் நொறுங்கியது. மிதந்த பனி என்பதால் கடல்மட்டம் அதனால் ஏறவில்லை. ஆனால் அதற்குப் பின்னாலிருந்த பனியாறுகள் வேகமெடுத்துக் கடலுக்குள் இறங்கின, அந்தப் பனி மட்டத்தை ஏற்றியது. கவலை மிதக்கும் பனியைப் பற்றி அல்ல, அது பிடித்துவைத்திருப்பதைப் பற்றி.

மேற்கு அண்டார்டிகாவின் துவைட்ஸ் பனியாறு முழுவதும் போனால் மட்டும் கடல்மட்டம் சுமார் 65 சென்டிமீட்டர் உயரும். 2020இல் அங்கே வெந்நீரைப் பீய்ச்சிச் சுமார் 600 மீட்டர் துளையிட்டு, ஐஸ்ஃபின் என்ற மெல்லிய ரோபோவை இறக்கிப் பனி தரையிலிருந்து எழும்பும் கோட்டைப் பார்த்தார்கள். தட்டையான இடங்களில் உருகல் எதிர்பார்த்ததைவிடக் குறைவு. பிளவுகளிலும் படிக்கட்டுப் போன்ற சரிவுகளிலும் மிக வேகம். அப்படியும் பனியாறு வேகமாகப் பின்வாங்குகிறது என்பதுதான் கவனிக்க வேண்டியது. அதைத் தள்ள, நினைத்ததைவிடக் குறைந்த உருகலே போதும்.

கே: கிரீன்லாந்து எங்கோ இருக்கிறது. அங்கே உருகினால் நம் கரைக்கு எவ்வளவு வந்துவிடப் போகிறது?
– நாகப்பட்டினம் வாசகர்

ப: சராசரியைவிடச் சற்று அதிகம் வரும். கிரீன்லாந்தின் பனி தன் எடையின் ஈர்ப்பால் சுற்றியுள்ள கடல்நீரைத் தன்பக்கம் இழுத்துவைத்திருக்கிறது. பனி குறைந்தால் இழுப்பும் தளரும், நீர் விலகிப் போகும். கிரீன்லாந்துக்கு அருகில் கடல்மட்டம் இறங்கும், தொலைவில் கூடுதலாக ஏறும். அண்டார்டிகாவுக்கும் இதே விதி. வங்காள விரிகுடா இரண்டுக்கும் தொலைவு.

பனியை எடை போடுவதும் இதே ஈர்ப்பைக் கொண்டுதான். 2002இல் ஏவப்பட்ட கிரேஸ் இரட்டைச் செயற்கைக்கோள்கள் சுமார் 220 கிலோமீட்டர் இடைவெளியில் ஒன்றன்பின் ஒன்றாகப் பறந்தன. கனமான பகுதியை நெருங்கும்போது முன்னது சற்று முந்தும், அந்த இடைவெளி மாற்றமே அளவு. 2018 முதல் அடுத்த சோடி அந்த வேலையைச் செய்கிறது. கிரீன்லாந்து ஆண்டுக்குச் சராசரியாக 27,000 கோடி டன் அளவில் இழந்துவருகிறது. 36,000 கோடி டன் சேர்ந்தால் உலகக் கடல்மட்டம் ஒரு மில்லிமீட்டர்.

கே: அண்டார்டிகாவில் கடல்பனி கூடுகிறது என்று முன்பு படித்தேன். உண்மையா?
– சேலம் வாசகர்

ப: 2014 வரை உண்மை. அந்த ஆண்டுக் குளிர்காலத்தில் பரப்பு 2 கோடி சதுர கிலோமீட்டரைத் தாண்டியது. 2016இலிருந்து சரிந்தது. 2023 பிப்ரவரியில் 18 லட்சத்துக்கும் கீழே போனது, அதே ஆண்டுக் குளிர்கால உச்சமும் 1.7 கோடிக்குள் நின்றது. இரண்டுமே 1979இல் தொடங்கும் தொடர் செயற்கைக்கோள் பதிவில் அதுவரை காணாத குறைவு. ஒரு பத்தாண்டுப் போக்கை மட்டும் வைத்து முடிவு கட்டியவர்கள் இந்தச் சரிவையும் பார்க்க வேண்டும்.

அளப்பது நுண்ணலையால். மேகமோ துருவ இரவோ தடையில்லை. 25 கிலோமீட்டர் கட்டங்களாகப் பிரித்து, ஒரு கட்டத்தில் 15 விழுக்காட்டுக்கு மேல் பனி இருந்தால் அதைப் பனிப்பரப்பில் சேர்ப்பார்கள். குறை ஒன்று உண்டு. கோடையில் ஆர்க்டிக் பனியின்மேல் உருகிய நீர் குளமாகத் தேங்கினால் கருவிக்கு அது திறந்த கடலாகத் தெரியும்.

கே: இந்தியக் குழுவோடு அண்டார்டிகா போக என்ன படிக்க வேண்டும்?
– கல்லூரி மாணவி, திருச்சி

ப: கோவாவின் வாஸ்கோ ட காமாவில் உள்ள தேசிய துருவ, பெருங்கடல் ஆராய்ச்சி மையம்தான் குழுக்களை அனுப்புகிறது. அண்டார்டிகாவில் 1989 முதல் மைத்ரி, 2012 முதல் பாரதி, ஆர்க்டிக்கில் 2008 முதல் ஹிமாத்ரி என நிலையங்கள் உள்ளன. இயற்பியல், வேதியியல், புவியியல், உயிரியல், வானிலை, எதுவானாலும் சரி. உங்கள் கல்வி நிறுவனம் வழியாக ஆய்வுத்திட்டம் அனுப்ப வேண்டும். ஆய்வாளர்கள் மட்டும் போவதில்லை. மருத்துவர், சமையல்காரர், டீசல் ஜெனரேட்டர் மெக்கானிக், தகவல்தொடர்புப் பொறியாளர் இல்லாமல் நிலையம் ஒரு நாள்கூட ஓடாது.

கருவி செய்வதில் ஆர்வமென்றால் சென்னையிலேயே இடம் உண்டு. 2014இல் ஆர்க்டிக்கில் உள்ள நார்வேயின் ஸ்வால்பார்டு தீவுகளில், கோங்ஸ்ஃபியோர்டன் என்ற கடற்கழியில் நீருக்கடியில் நிறுத்திய இண்டார்க் என்ற அளவீட்டுத் தொகுதியைப் பள்ளிக்கரணையில் உள்ள தேசியக் கடல் தொழில்நுட்ப நிறுவனமும் சேர்ந்துதான் உருவாக்கியது.

தேர்வானவர்களுக்கு டெல்லி எய்ம்ஸில் மருத்துவப் பரிசோதனையும், உத்தராகண்ட் ஆவ்லியில் இந்தோ-திபெத் எல்லைக் காவல்படையிடம் பனிப்பயிற்சியும் உண்டு. கோடைக்குழு சில மாதங்களில் திரும்பிவிடும். குளிர்காலக் குழு ஓராண்டுக்கு மேல் தங்கும், இடையில் பல மாதங்கள் கப்பலோ விமானமோ வர வழியிருக்காது. ஆகவே சொத்தைப்பல், குடல்வால் தொந்தரவு போன்றவை இருந்தால் புறப்படும் முன்பே முழுதாகப் பார்த்துவிடுங்கள்.